பாலைத் தேளெல்லாம் ஒன்றெனக் கண்ட எங்கள் இயக்குநருக்கு

எட்டுக்கால் உயிர்களின் ஏகபோக ஆசானே! கொடுக்கு கண்டு கலங்காத கொற்றவரே! பாலைப் பரப்பெங்கும் தேள்களைப் பகுத்தும் தொகுத்தும் படம் வரைந்த பெருந்தகையே! பகுப்பதைக் காட்டிலும் தொகுப்பதில் பெருவிருப்பம் கொண்ட பண்பாளரே! மாலையும் மேளச்சத்தமுமில்லாத இந்த எளிய கூடத்தில் இன்று விடைபெறும் தங்களுக்கு, இவ்வருங்காட்சியகத்தின் தேள் பிரிவில் தங்கள் கீழ்ப் பணியாற்றியோர் வணக்கம் கூறி இம்மடலை வாசித்தளிக்கிறோம். சற்று நீளம்தான். தங்கள் சொற்பொழிவுகளை நாங்கள் பொறுத்ததுபோல் தாங்களும் பொறுத்தருள்க.

இளமையில் தாங்கள் பாலையை நடந்தே அளந்தவர் என்பதை மறைக்க நாங்கள் நன்றி கெட்டவர்கள் அல்லர். புற ஊதா விளக்கை ஏந்தி, இருளில் பச்சையாய் ஒளிரும் தேள்களைத் தேடி, பாதம் கொப்பளிக்கத் திரிந்தீர்கள். பாறை இடுக்கில் பதுங்குபவை, இறுகிய மண்ணில் வளை தோண்டுபவை, மணலில் புதையாமல் நடப்பவை என்று தாங்கள் வகுத்த நூலே எங்கள் அரிச்சுவடி. அதன் நடுவே ஒரு வரைபடம். பாலையின் மணற்பரப்பு முழுவதற்கும் ஒரே மஞ்சள் நிறம். மணல்தேள் எங்கிருந்தாலும் ஓரினமே என்று அதற்குப் பொருள். அந்த மஞ்சளில் இன்னொரு நிறம் தீட்டத் தங்கள் கை கடைசிவரை எழவில்லை.

எங்களோடு ஓர் ஆய்வாளர் இருக்கிறார். இதோ, கடைசி வரிசையில், கதவோரம் அமர்ந்திருக்கிறார். சீப்புக்காரம்மா என்று தாங்கள் கேலியாக இட்ட பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. தங்கள் உறவினரும் வந்திருப்பதால் விளக்குகிறோம்: தேளின் வயிற்றடியில் தரையைத் தடவி உணரும் இரண்டு சீப்புகள் உண்டு. அவற்றின் பற்களை எண்ணுவதில் அவருக்குச் சலிப்பே வராது. கிழக்கு மணல்மேட்டுத் தேளைவிட மேற்கு மணல்மேட்டுத் தேளுக்குப் பற்கள் கூடுதல், பாதத்து மயிர் அடர்த்தி என்று அவர்தான் கண்டார். இரு மேடுகளுக்கும் நடுவே வறண்ட ஆற்றின் கூழாங்கல் வெளி. மணலுக்கென்றே அமைந்த கால் அதில் நகராது. அண்ணன் தம்பியாய்ப் பிறந்து, நடுவில் சுவர் எழும்பி, தலைமுறைகள் தாண்டி முகச்சாடையே மாறிப்போன பங்காளிகள் அவை.

அவர் இரண்டு தேள்களையும் தங்கள் மேசையில் வைத்தார். தங்கள் அறைக்கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் எங்கள் காதில் விழுந்தது.

"சார், இது ரெண்டும் வேற வேற சார். ஒரு தடவை லென்ஸ்ல பாருங்க."

"ஏம்மா, பல்லை எண்ணிக்கிட்டே இருந்தா ஆளாளுக்கு ஒரு இனம் சொல்வீங்க. தேள்னா தேள். போய் வேலையப் பாரு."

தாங்கள் லென்சைத் தொடவில்லை. வெளியே வந்தவர் தன் நாற்காலியில் அமர்ந்து கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

சிக்கனத்தின் சிகரமே! அதன்பின் தாங்கள் ஆற்றிய அரும்பணியை எப்படிப் புகழ்வோம்? மேட்டுக்கு ஒரு ஜாடியாக அலமாரி நிறைய இருந்த மணல்தேள்களையெல்லாம் ஒரே பெரிய ஜாடியில் போடச் சொன்னீர்கள். ஆய்வக உதவியாளர் தயங்கினார். "சார், சீட்டெல்லாம் கலந்துடும். எது எங்க பிடிச்சதுன்னு தெரியாம போயிடும் சார்." "ஒரே தேளுக்கு எதுக்குய்யா இத்தனை ஜாடி? ஸ்பிரிட்டாவது மிச்சமாகும், கொட்டு." கொட்டினார். ஊர் தெரியாத தேள், தேளில்லாத ஊர்ச்சீட்டு, இரண்டும் ஒன்றாய் மிதந்தன. எதிரி வந்து கொளுத்தினாலும் இவ்வளவு நேர்த்தியாக அழிந்திராது. அன்று சீப்புக்காரம்மாவின் நுண்ணோக்கியடியில் இருந்த ஓர் ஆண்தேள் மட்டும், தன் சீட்டோடு தப்பியது.

அடுத்து, மேற்கு மேட்டில் மணல் அள்ள வந்த நிறுவனம், அங்கே தனித்த உயிரினம் ஏதும் உண்டா என்று தங்களைக் கேட்டது. சீப்புக்காரம்மா படியேறி வந்து, "ஒரு வருஷம் மட்டும் டைம் கேளுங்க சார், நான் நிரூபிச்சுக் காட்டுறேன்" என்று கெஞ்சினார். அவர் கெஞ்சி நாங்கள் பார்த்தது அந்த ஒருமுறைதான். இங்குள்ள தேள் கிழக்கிலும் உண்டு, இழப்பு ஏதுமில்லை என்று அன்றே சான்று தந்தீர்கள். மேடு இருந்த இடம் இப்போது சமதளம். விளக்கை எடுத்துக்கொண்டு போன அவர், கண்ணுக்கு எட்டியவரை ஒரு பச்சைப் புள்ளிகூடக் காணாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, எந்திரிங்க, போலாம்" என்று ஓட்டுநர்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். தேள்குலம் நாற்பது கோடி ஆண்டுப் பழமையுடையது. கடல் வற்றியதையும் மலை எழுந்ததையும் தாண்டி வந்த அந்தக் குலத்தின் ஒரு கிளை தங்கள் ஒற்றைக் கையெழுத்தைத் தாண்டவில்லை.

சென்ற மாதம் சீப்புக்காரம்மா தங்கள் அறைக்கு வந்து, "புதுசா ஒரு தேளுக்கு உங்க பேரை வச்சிருக்கேன் சார்" என்றார். உச்சி குளிர்ந்து, அறை அறையாகப் போய் அந்தப் பெருமையைச் சொன்னீர்கள். துணைவியாரிடமும் மருமகனிடமும் போனில் சொன்னீர்கள். எந்தத் தேள் என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை.

அந்த மேற்கு மேட்டுத் தேள்தான் ஐயா. நுண்ணோக்கியடியில் தப்பிய அந்த ஒன்றையே புது இனத்துக்குச் சான்றான மூலமாதிரியாக வைத்து அவர் எழுதிய கட்டுரை சென்ற வாரம் அச்சேறிவிட்டது. கண்டுபிடித்தவர் என்ற உரிமையில் நாங்கள் மதிக்கும் வேறு யார் பெயராவது வைத்திருக்கலாமே என்று அவரிடம் கேட்டோம். "நல்லவங்க பேரை எதுக்கு இதுல இழுக்கணும்? யாரால போச்சோ, அவர் பேருதான் இதுக்கு" என்றார். குரல் உயரவில்லை.

மணலையும் மனிதரையும் ஒருசேர ஆண்டவரே! இனி தங்கள் ஓய்வுநாள்கள் இனிதாகுக! தாய்த்தேள் குஞ்சுகளைச் சுமப்பதுபோல் பேரப்பிள்ளைகளை முதுகில் சுமந்து, நோயின்றி, நோவின்றி, நினைவு தெளிவோடு நெடுங்காலம் வாழ்க! நினைவு தெளிவோடு என்பதை அழுத்தி வேண்டுகிறோம். முறைப்படி அச்சேறிய பெயரை மாற்ற எங்கள் துறையில் எவருக்கும் அதிகாரமில்லை; தங்களுக்கும் இல்லை. நாளை பிறக்கும் மாணவரும் அந்தப் பெயரைப் படிப்பார், எங்கே பார்க்கலாம் என்று கேட்பார். தங்கள் பெயர் என்றும் இருக்கும் ஐயா. தேள்தான் இல்லை.

என்றும் தங்களை மறக்க இயலாத,
தேள் பிரிவுப் பணியாளர்கள்