கப்பல் செதுக்கின கல்லு

நடுவுல குந்துங்க சார். ஓரமா சாஞ்சீங்கன்னா ரெண்டு பேரும் மீனு கூடப் பேசிகினு கெடக்க வேண்டியதுதான். எத்திராஜ் படகு இதுவரிக்கும் கவுந்ததில்ல, உங்களால அந்தப் பேரு கெட வேணாம். பூட்ஸக் கழட்டுங்க. சேறு உங்க உத்தியோகத்தெல்லாம் பாக்காது. ஆங், அப்டி.

இன்னும் எவ்ளோ தூரமா? காலீல எண்ணூர்ல ஏறும்போதே இத்தத்தான் கேட்டீங்க, கால்வாய் முச்சூடும் கேட்டீங்க. அதோ கருப்பா ஒரு கோடு தெரீதே, அதான் கோட்டைத் திட்டு. ஒலாந்தாக்காரன் கட்டினது, நீங்க டச்சுக்காரன்னு சொல்வீங்களே, அவன். பெருசா நெனச்சுக்காதீங்க, ரெண்டர செவுரு, ஒரு வாசப்படி, மிச்சம்லாம் முள்ளு. இப்போ நண்டுதான் அங்க தர்பார் நடத்திகினு கீது.

ஏரித் தண்ணீல பலக நட்டுகீறானுங்க பாருங்க. இங்க வலை போடக்கூடாது, பட்சிங்களுக்கு எடைஞ்சல் பண்ணக்கூடாது, அதான? எனக்கு எழுத்து தெரியாது சார், ஆனா இத்த நாலு தபா படிச்சுக் காட்டிட்டானுங்க. வெள்ளக்காரன் போயி ஒம்போது வருசம் ஆவுது, அவன் கூட இப்டி ஒரு ஷோக்கான சட்டம் போடல. எங்க பாட்டன் எறா புடிச்ச எடம், இப்போ பூநாரைக்குப் பட்டா. அதுவும் எறாவத்தான் துன்னுது, அத்த ஒருத்தனும் கேக்கல.

கோச்சுக்காதீங்க. நீங்க பட்சி ஆளு இல்ல, தெரியும். செத்த காலேஜு, அதான் உங்க மூசியம், அதுக்காக கல்லு தேட வந்தவரு. ஏறச்சொல்லவே புக்கத் தொறந்து காட்டினீங்களே, மேல கப்பலு செதுக்கி, கீழ எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. எடுத்தவனுக்கு ஜெயிலா? அடேங்கப்பா! முந்நூறு வருசம் வெயில்லயும் மழையிலயும் கெடந்தப்போ ஒருத்தன் எட்டிப் பாக்கல. காணோம்னதும் ஆபீஸே படகேறி வருது.

ஆமா, அந்த எழுத்து உங்களுக்கு நெசமாவே படிக்க வருமா? ஒலாந்தா பாஷை? தடுமாறாம? இல்ல, சொம்மாதான் கேட்டேன்.

நானா? இங்க வராம இன்னா, முன்னல்லாம் வருசா வருசம் எறா சீசனுக்குக் குடும்பத்தோட வந்து, கோட்டைப் பக்கம் குடிச போட்டுகினு மூணு மாசம் தங்குவோம். நாலு வருசமா வர்றதில்ல. பலகைக்குப் பயந்துலாம் இல்ல சார். அது போன வருசம் நட்டது.

கடேசியா வந்தப்போ எம் பொண்ணு புஷ்பவல்லிக்கு ஜொரம். ஆறு வயசு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவலாம்னா தெக்கத்திக் காத்து மூஞ்சீல அறையுது. ரெண்டு நாளு தள்ளிப் பாத்தேன், இதே படகு, இதே கழி. கால்வாய் வாய்க்குக் கூடப் போயி சேர முடில. மூணா நாளு காத்து நின்னுச்சு. அப்பால போயி இன்னா பண்றது?

கோட்டச் செவுத்தோரம்தான் மேடு, தண்ணி ஏறாது. அங்கதான் பொதச்சோம். எங்க ஜனங்க கொழந்தைக்குக் கல்லு வெக்கறதில்ல சார், ஒரு கலயத்தக் கவுத்துட்டு வந்துடுவாங்க. எம் பொஞ்சாதி அங்கம்மா, கலயம் காத்துல உருண்டுடும், அப்பால எங்கன்னு தேடுவேன்னு ஒரே அழுக. பக்கத்துல ஒரு கல்லு கெடந்துச்சு. மேல கப்பலு. படகுக்காரன் பொண்ணுக்கு இத்தவுட இன்னா வேணும்னு தூக்கியாந்து நட்டுட்டேன்.

வந்துட்டோம், எறங்குங்க. பாத்து, வழுக்கும். கையக் குடு.

ஜெயில்ல போடணும்னா போட்டுக்கோ நைனா. கல்லயும் எடுத்துகினு போ, இதே படகுல நானே ஏத்தித் தரேன். ஆனா பேத்தெடுக்கறதுக்கு முன்னால ஒரு தபா வாய்வுட்டுப் படிச்சுடு. பொண்ணு தலமாட்டுல இன்னா எழுதிகீதுன்னு அங்கம்மா நாலு வருசமா கேட்டுகினே கீறா. எதுனா கெட்ட வார்த்தையா இருந்தா மட்டும், நல்லதா மாத்திச் சொல்லிடு. எனக்குத்தான் எழுத்து தெரியாதே.