வெள்ளிப்பூண் பிரம்பு

கங்காணி: என் பிரம்பு எங்கடி? கூலியாளுங்க குடியிருக்கிற லயத்துக் கூரைத் தகரம் பிரிக்க ஆளுங்க போயிட்டாங்க.

இராக்கம்மா: வெறுங்கையோட போனா கால் நடக்காதா?

கங்காணி: பிரம்பில்லாத பெரிய கங்காணியா? பழைய துரை தன் கையால குடுத்தது, புள்ள. சுத்த வெள்ளிப் பூண்...

இராக்கம்மா: தெரியும். பதுளைக் கடைத்தெருவுக்கே தெரியும்... நெசமாவே லயத்தை இடிக்கிறாங்களா?

கங்காணி: அடியில இரும்புப் பாறை இருக்காம், தோண்டணுமாம். நெலம் சோதிக்க வந்த சர்வே துரையோட பொட்டிக்குள்ள காந்த ஊசி இருக்குல்ல? மேமலை பூரா தூங்கிக்கிட்டு வந்துச்சு. லயத்து வாசல்ல மட்டும் தலைகுப்புறக் கவுந்துருச்சு!

இராக்கம்மா: அடைமழைங்க. லயத்துல இருக்கிற எங்கக்கா மக முருகாயிக்குப் புள்ள பெற இதுதான் மாசம். எங்க போய்ப் படுப்பா?

கங்காணி: மாட்டுப்பட்டியில. நானே தோட்டத் துரைகிட்டப் பேசி வாங்கின எடம்.

இராக்கம்மா: பெரிய மனசு... அந்த ஊசி எதுக்குங்க கவுழும்?

கங்காணி: இரும்புக்குத்தான். அதனாலதான் கத்தி, மண்வெட்டி, பொம்பளைங்க கொண்டை ஊசி வரைக்கும் தூர வைக்கச் சொன்னேன்.

இராக்கம்மா: ஒங்க பிரம்பு?

கங்காணி: வெள்ளியை எதுக்குடி தூர வைக்கணும்?

இராக்கம்மா: மலையில பாக்க ஆளில்லன்னு பின்னாடி நடந்தீங்க. லயத்து வாசல்ல சனம் கூடினதும் சர்வே துரை தோளை ஒட்டி நின்னுக்கிட்டு, பூணைப் பொட்டி மேல சாய்ச்சு...

கங்காணி: சாய்ச்சா என்ன?

இராக்கம்மா: போன பொங்கலுக்குப் புளி போட்டுத் தேச்சேங்க. வெள்ளி உரிஞ்சு வந்துச்சு. உள்ள கறுப்பா...

கங்காணி: மொதல்ல கதவைச் சாத்துடி.

இராக்கம்மா: இப்பவாவது சர்வே துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.

கங்காணி: கத்தாதடி! வெறும் இரும்புப் பூணத்தான் அந்தத் துரை குடுத்தான். முலாம் பூசினதே நான்தான், எனக்குத் தெரியாதா? லயம் போனா வேற லயம் கட்டுவாங்க. பூண் இரும்புன்னு ஆயிட்டா, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துல எவன் என்னை மதிப்பான்?... பிரம்பை எடு, நேரமாச்சு.

இராக்கம்மா: அது இங்க இல்லீங்க. விடியக்காலையே எடுத்துட்டுப் போய், சர்வே துரையோட ஊசிகிட்ட நீட்டி, அது கவுந்ததைக் காட்டி, பிரம்பை அவர்கிட்டயே குடுத்துட்டுத்தான் வந்தேன்... அந்தா பாருங்க, தகரம் பிரிக்கப் போன ஆளுங்க திரும்பி வர்றாங்க. சிரிச்சுக்கிட்டே.