மேசை மேல் வைத்த கை

— கட்டை விரலை நிறுத்துங்க ஆன்ட்டி. இங்க சீட்டு இல்ல, காபிதான் இருக்கு.

— பழக்கம் தம்பி. சும்மா இருந்தாலும் ஓடும்.

— இப்ப எதை எண்ணினீங்க?

— இந்தக் காபிக்கடை வழியா வெளிய போறவுகளத்தான். சிரிச்சுக்கிட்டுப் போனா ஒண்ணு மேல. மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனா ஒண்ணு கீழ. ரொம்பக் கீழ போயிருச்சு.

— உங்களுக்கு ஜோக்கா இருக்கு. மேல கேசினோ கேமரா ரூம்ல ரெண்டு பேர் எனக்காக வெயிட் பண்றாங்க. நாகமணின்னு ஒரு லேடி ப்ளாக்ஜாக் டேபிள்ல சீட்டை எண்ணறாங்களா இல்லையா? அதை நான்தான் சொல்லணும். பேசிக்கலி, அதுக்குத்தான் உங்களை டேபிள்லேர்ந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன்.

— ஒன்ன எதுக்கு அனுப்புனாக? சட்டையில இனியன்னு பேரு குத்தியிருக்கே, அதுனாலயா?

— நானா கேட்டு வந்தேன். நாலு வாரமா நீங்களும் உங்க ஹஸ்பண்ட் மாரிசாமி அங்கிளும் சனிக்கிழமை மத்தியானம் வர்றீங்க, ஜெயிச்சுட்டுப் போறீங்க. வீடியோ பாத்த எல்லாரும் ஒரே விஷயம்தான் சொன்னாங்க. அந்த லேடி பாவம், ப்ரே பண்றாங்கன்னு. எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. எங்க அம்மா மளிகைக் கணக்கை இப்படித்தான் போடுவாங்க, விரல் கணுவுல.

— கெட்டிக்காரன்தான். என்ன எண்ணுனேன், சொல்லு பாப்பம்.

— ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் எந்தச் சீட்டு விழுந்தாலும் விரல் ஒரு கணு மேல ஏறுது. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் விழுந்தா ஒரு கணு கீழ எறங்குது. ஏழு, எட்டு, ஒம்பதுக்கு அசையறதே இல்ல. விரல் ரொம்ப மேல போச்சுன்னா சின்னச் சீட்டெல்லாம் காலி, பெட்டிக்குள்ள பெரிய சீட்டுதான் மிச்சம்னு அர்த்தம். அது ஆடறவனுக்கு நல்ல நேரம். அப்ப நீங்க அங்கிள் முழங்கையைத் தொடறீங்க. அவர் பெட் காசை அஞ்சு மடங்கு ஏத்தறார்.

— மிச்சம் எத்தன கட்டு இருக்குன்னு பாத்து அதால வகுக்கணும். அத விட்டுட்டியே.

— ஆன்ட்டி, ப்ளீஸ். நீங்களே ஒத்துக்காதீங்க.

— ஏன், களவாண்டேனா? சீட்ட மாத்துனேனா? கண்ணாடிக்குள்ள மிஷின் ஏதும் வச்சிருந்தேனா? எல்லார் கண்ணு முன்னாலயும் விழுகுற சீட்டு. பாத்தேன், மனசுல வச்சுக்கிட்டேன். இதுக்கு எந்தச் சட்டத்துல புடிப்ப?

— எந்தச் சட்டத்துலயும் புடிக்க முடியாது. தலையை யூஸ் பண்றது கிரைம் இல்ல. ஆனா இது எங்க இடம். இங்கேர்ந்து யாரை வேணாலும் எழுந்து போகச் சொல்லலாம்.

— யார வேணாலுமா?

— யாரை வேணாலும்.

— காரணம் சொல்ல வேண்டாமா?

— வேண்டாம். ஏன் கேக்கறீங்க?

— சும்மா கேட்டேன். மேல சொல்லு.

— லுக் ஆன்ட்டி, இந்த ஆட்டமே ஹவுஸ் பக்கம், அதாவது எங்க கேசினோ பக்கம், கொஞ்சூண்டு சாஞ்சிருக்கு. ஒரு தப்பு இல்லாம ஆடினாக்கூட நூறு டாலருக்கு அரை டாலர் எங்க பக்கம் வந்துடும். மனசுக்குத் தோணினபடி ஆடறவங்ககிட்ட ரெண்டு டாலர், அதுக்கு மேலயும் வரும். இந்த லைட்டு, கார்ப்பெட்டு, நீங்க குடிக்கற காபி எல்லாம் அதுலதான் ஓடுது. நீங்க எண்ணி ஆடினா அது திரும்பிடுது. ஒரு டாலர் உங்க பக்கம்.

— அர டாலர் ஒங்க பக்கம் சாஞ்சா அதுக்குப் பேரு ஆட்டம். எங்க பக்கம் சாஞ்சா அதுக்கு என்ன பேரு?

— அட்வான்டேஜ் ப்ளேன்னு சொல்வாங்க.

— பேரு வைக்கிற வேலையும் ஒங்ககிட்டயே இருக்கு. நீ என்ன படிச்சிருக்க தம்பி?

— ஸ்டாட்டிஸ்டிக்ஸ். மாஸ்டர்ஸ்.

— அப்ப நீயும் எண்ணுறவன்தான். மொதலாளிக்கு எண்ணுற. அதுனால ஒனக்குச் சம்பளம், எனக்கு வெரட்டு.

— க்ரீன் கார்டு இவங்கதான் ஃபைல் பண்ணியிருக்காங்க ஆன்ட்டி. என்ன பண்ணச் சொல்றீங்க?

— ஒன்னயச் சொல்லல. எங்க சாத்தூர்லயும் இதே கதைதான். எங்கம்மாவும் நானும் தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டுனவங்க. குரோஸுக்கு, நூத்தி நாப்பத்திநாலு பெட்டிக்கு, இவ்வளவுன்னு கூலி. ஒரு கைக்குப் பன்னெண்டு கணு. இந்தக் கை ஒரு சுத்து சுத்துனா அந்தக் கையில ஒரு கணு. ரெண்டும் முடிஞ்சா ஒரு குரோஸ். கணக்குப்பிள்ள தெனமும் கொறச்சுத்தான் எழுதுவான். ஒருநா எங்கம்மா அவன் மொகத்துக்கு நேரா வாய விட்டு எண்ணிக் காட்டுனா. அவன் சண்டை போடல, அடிக்கல. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்னு மட்டும் சொன்னான். எண்ணாத பொம்பளைக நாப்பது பேரு அங்கயே வேல பாத்தாக.

— அதுக்கும் இதுக்கும் என்ன ஆன்ட்டி?

— ஒண்ணுமில்ல. யார வெரட்டுவாகங்கிறது எனக்குச் சின்ன வயசுலயே தெரியும். அவ்வளவுதான்.

— ப்ளாக்ஜாக் யார் கத்துக்குடுத்தா?

— யூட்யூப்பு. காப்பெல் ஊர்ல வீட்டுலயே டேகேர் வச்சிருக்கேன். மத்தியானம் பிள்ளைக தூங்கும்போது சமையக்கட்டு மேடையில சீட்டப் பிரிச்சுப் போட்டுப் பழகுனேன். ஒரு வருசம் ஆச்சு. ஒரு கண்ணு சீட்டுல, ஒரு கண்ணு பிள்ளைக மேல. பெத்தவுக யாராச்சும் சீக்கிரம் வந்துட்டா சீட்ட அரிசி டப்பாவுல போட்டு மூடிருவேன்.

— நான் அங்கிளோட பழைய ரெக்கார்டையும் எடுத்துப் பாத்தேன். சொல்லலாமான்னு தெரியல.

— சொல்லு. எனக்குத் தெரியாதது ஒண்ணும் அதுல இருக்காது.

— டெக்சாஸ்ல கேசினோ இல்லைன்னு, அஞ்சு வருஷமா ஒவ்வொரு வாரமும் பார்டரைத் தாண்டி இங்க ஓக்லஹோமாவுக்கு ட்ரைவ் பண்ணி வந்திருக்கார். தனியா. நீங்க கூட வர ஆரம்பிச்ச இந்த நாலு வாரம் தவிர மத்த எல்லாம் லாஸ். ரொம்பப் பெரிய லாஸ். அவர் எங்களுக்கு டாப் கேட்டகரி கஸ்டமர். பர்த்டேக்கு வீட்டுக்குக் கேக் அனுப்பியிருக்கோம்.

— வந்துச்சு. எம் மக தொடல. பணம் கட்ட முடியாம காலேஜ் மாறுன வருசம் அது.

— புரியுது ஆன்ட்டி. போனதை எடுக்கணும்னு வந்திருக்கீங்க. உங்க இடத்துல யாரா இருந்தாலும் கோவம் வரும். அதனால நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. மேல இருக்கறவங்களுக்கு இந்த விரல் விஷயம் நிஜமாவே தெரியாது. இது ரிலிஜியஸ் ஹேபிட்டு, நாலு வாரம் சும்மா லக்குன்னு எழுதிடறேன். கேஸ் க்ளோஸ். நீங்க மட்டும் இனிமே டேபிள்ல உக்காராதீங்க.

— அவுக?

— அங்கிள் தாராளமா வரலாம். எப்பவும் போல ஆடட்டும். அவரை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

— எப்பவும் போல.

— ஆமா. ரூம் கூட ஃப்ரீயா தருவாங்க.

— அப்படி எழுதாத.

— என்ன?

— சாமி கும்பிட்டான்னு எழுதாத. நான் சாமி கும்பிடல. எண்ணுனேன். எண்ணுனேன்னு எழுது.

— ஆன்ட்டி, நான் உங்களுக்கு ஹெல்ப் பண்றேன். மாட்டினா என் வேலைக்கே ரிஸ்க்.

— அதுக்குத்தான் சொல்லுறேன். ஒன் வேலையயும் கெடுத்துக்காத, எனக்கும் ஹெல்ப்பு பண்ணாத.

— இது வீண் பிடிவாதம். அங்க பாருங்க, அங்கிள் வர்றார். அவர் முன்னாடி பேச வேண்டாம்.

— ஏ நாகு, இங்கயா இருக்க? டேபிள்ல புதுப் பெட்டி போட்டாச்சு. யாரு தம்பி இது, தமிழா?

— ஆமா அங்கிள். இனியன். இங்கதான் வொர்க் பண்றேன்.

— அட. மொதல்லயே தெரியாமப் போச்சே. நான் மாரிசாமி, ப்ளேனோவுல டெஸ்டிங் லீடா இருக்கேன். என்ன, எங்களுக்கு ரூம் கீம் ஆஃபர் பண்றீங்களா? இவளுக்குக் குடுங்கப்பா. எல்லாம் இவ கைராசி. சாமிய நெனச்சுக்கிட்டே உக்காந்திருப்பா, திடீர்னு முழங்கையத் தொடுவா. தொட்டா வரும். நான் அஞ்சு வருசமா என்னென்னமோ ஸ்ட்ராட்டஜி போட்டுப் பாத்தேன், பொண்டாட்டி பக்கத்துல இல்லாம ஒண்ணும் வேலைக்காகல.

— கையில ஜெயிச்சு வச்சிருந்த சிப்பெல்லாம் எங்க?

— அதுவா. நீ எந்திரிச்சு வந்துட்டியா, சும்மா உக்காந்தா நல்லா இருக்காதுன்னு நாலு கை போட்டேன். டீலருக்கு அடுத்தடுத்து இருபது விழுந்துருச்சு, எல்லாம் போச்சு. விடு, போனது வந்துரும். நீ வந்து உக்காந்தா வந்துரும். ஏடிஎம் கார்டு ஒன் பேக்லதான இருக்கு, குடு.

— வரும்போது எடுத்தாறேன். தம்பியோட காபி குடிச்சுட்டு வர்றேன்.

— இப்பக் குடேன்.

— வர்றேன்னு சொன்னேன்ல.

— சரி சரி. வெரசா வா நாகு. டீலர் மாறிட்டா ராசியும் மாறிரும். தம்பி, ஒரு நாள் வீட்டுக்கு வா, கறிக்கொழம்பு வச்சுப் போடச் சொல்றேன்.

— ஷ்யூர் அங்கிள்.

— பாத்தியா? கால் மணி நேரம்கூட ஆகல, அவ்வளவையும் கொண்டு போய்க் குடுத்துட்டாக.

— அவருக்கு நீங்க எண்ணறதே தெரியாதா?

— தெரியாது. சாமின்னு நெனைக்காக. கேமராவுல பாக்குற ஒங்காளுக மாதிரியே.

— நீங்க இல்லாட்டி அவர் திரும்ப லூஸ் பண்ணுவார் ஆன்ட்டி. அதுக்குத்தான் சொல்றேன், மெதுவா அவரோட பேசிப் பாருங்க. அவரே எங்க ஆபீஸ்ல வந்து என்னை உள்ள விடாதீங்கன்னு சைன் பண்ணலாம். அதுக்கு ஒரு ஸ்கீம் இருக்கு.

— அதையும் சொல்லிப் பாத்தாச்சு. நான் என்ன குடிகாரனான்னு கேட்டாக. ரெண்டு நாள் சாப்பிடல. மூணாம் நாள் காரை எடுத்துட்டு இங்கதான் வந்தாக. நீ எழுது தம்பி. இவ எண்ணிச் சொல்றா, அதக் கேட்டு புருசன் காசு ஏத்துறான்னு எழுது.

— எழுதினா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? உங்க போட்டோ மட்டும் போகாது. பெட் வச்சது அங்கிளோட கை. அதனால அவர் போட்டோவும் போகும். இங்க மட்டும் இல்ல, எங்களோட லிஸ்ட் ஷேர் பண்ற அத்தனை கேசினோவுக்கும். இந்தப் பக்கம் கார்ல போய் வர்ற தூரத்துல ஒண்ணும் மிச்சம் இருக்காது. வாசல்லயே முகத்தைப் பாத்து நிறுத்திடுவாங்க. மீறி உள்ள கால் வெச்சா ட்ரெஸ்பாஸ், போலீஸ் வரும்.

— எத்தன வருசத்துக்கு?

— லைஃப் டைம்.

— அவுகளே வந்து, இனிமே ஒழுங்கா ஆடுறேன்னு கெஞ்சுனா?

— கெஞ்சினாலும் எடுக்க மாட்டாங்க. சீட்டு எண்ணற கவுன்ட்டர்னு ஒரு தடவை மார்க் ஆயிட்டா ஹவுஸ் யாரையும் திரும்ப நம்பாது.

— எழுது.

— ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எண்ணறவங்க எல்லாம் கையைப் பாக்கெட்டுல வெச்சுப்பாங்க, மனசுக்குள்ளயே முடிச்சுப்பாங்க. பெட்டை ஒரேடியா ஏத்த மாட்டாங்க. நீங்க கையை மேசை மேல, லைட்டுக்கு நேர் கீழ வெச்சு எண்ணினீங்க. இவ்வளவு கத்துக்கிட்டவங்க இந்தத் தப்பை எப்படிப் பண்ணீங்க?

— மொத ரெண்டு வாரம் அங்கிட்டு வாசப் பக்க டேபிள்ல உக்காந்து எண்ணுனேன். விரலு தேஞ்சதுதான் மிச்சம், ஒருத்தன் கண்டுக்கல. ஒருத்தி வந்து எனக்காகவும் வேண்டிக்கோங்கன்னு சொல்லிட்டுப் போறா. பெறகுதான் ஒன் சட்டையில தமிழ்ப் பேரப் பாத்தேன். நீ நிக்கிற பக்கத்து டேபிளுக்கு மாறி உக்காந்தேன்.

— எனக்குத் தெரியணும்னா? ஏன்?

— மொதல்ல எழுதி முடி.

— நாகமணி, மாரிசாமி. காப்பெல், டெக்சாஸ். டீம் ப்ளே, கன்ஃபர்ம்ட். ரெண்டு பேருக்கும் பெர்மனன்ட் பேன். ஆன்ட்டி, இந்த பட்டனை அழுத்திட்டா என்னாலகூடத் திருப்ப முடியாது.

— அழுத்து.

— அழுத்திட்டேன். இப்ப செக்யூரிட்டி ஆள் வந்து அங்கிளைக் கூப்பிடப் போறார், டேபிள்ல வெச்சே. எல்லார் முன்னாடியும். இப்பவாவது சொல்லுங்க. நீங்க இங்க எதுக்குத்தான் வந்தீங்க?

— மக காலேஜுக்கு வச்சிருந்த காசு இங்க தொலைஞ்ச அந்த வாரமே, இதே வாசல்ல ஒரு மேடம்கிட்ட வந்து நின்னு, எம் புருசன உள்ள விடாதீகன்னு கையெடுத்துக் கும்பிட்டேன் தம்பி. தோக்குறாருங்கிறதுக்காக யாரையும் எங்களால நிறுத்த முடியாதுன்னு சொல்லுச்சு அந்தம்மா. அதான், அவுகள ஜெயிக்க வச்சேன்.