மழைக்கு மறுநாள் வலையைத் தூக்கச் சொன்னவள்

விழாவுக்குத் தலைமை ஏற்று, பரிசுக் கேடயத்தைச் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து மடியில் வைத்திருக்கும் எங்கள் ஊர்த்தலைவர் யோம் பியோங்-சு அவர்களே! ‘எங்கள் கடலைக் காத்த கல்விக் கடல்’ என்று வாசல் துணியில் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும் பேராசிரியர் குக் சோங்-வு அவர்களே! கிம் கடற்பாசி வளர்ப்போர் சங்கத்தின் தலைவரும், நான் பெற்ற ஒரே மகனுமாகிய மா குவாங்-தே அவர்களே! சமையல்கட்டு வாசலில் கையில் ஈரத்தோடு நிற்கும் என் மருமகள் ஓக்-ரான் அவர்களே! காங்ஜினிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதலாய் என் வீட்டுக் காரியத்தில் மூக்கை நுழைத்துவரும் பக்கத்து வீட்டுக் காங்ஜின்காரி அவர்களே! உப்புக் காற்றில் உலர்ந்த பெரியவர்களே! பனித் தண்ணீரில் கை வெடித்த தாய்மார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

ஐந்து பேரை மட்டும் ஏன் பேர் சொல்லி அழைத்தேன்? மரியாதைக்கு என்று நினைக்கிறீர்கள். மரியாதைக்கு அல்ல, மறதிக்கு எதிராக. என் பேத்தி நாரேயை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தார் கணினியில் நேர்காணல் செய்த அன்றைக்கு என் வீட்டு அறைக்குள் இருந்தவர்கள் இந்த ஐந்து பேர். என்னையும் அவளையும் தவிர வேறு யாரும் இல்லை.

ஊரில் மூத்தவள், நன்றியுரை சொல்லட்டும் என்று கூப்பிட்டீர்கள். சொல்கிறேன். நன்றி யாருக்கு என்பதை முதலில் பார்த்துவிடுவோமே!

நம் வலைகளில் செந்நோய் வந்து கிம் எல்லாம் அழுகி, ஆளுக்கு ஆள் படகைக் கரையேற்றிவிட்டு மதுக்கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? அந்தக் குளிரில் வலை வலையாகப் போனவள் யார்? கடல்நீரைக் குப்பி குப்பியாக அள்ளி, கையுறை கிழிந்து, விரல் நீலம் பாரித்து வந்தவள் யார்? மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் எந்த வலைக்குப் பக்கம் வந்து சேர்கிறதோ அந்த வலையில்தான் நோய் முதலில் பிடிக்கிறது, மழைக்கு மறுநாளே அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காயவிடுங்கள் என்று படகு படகாகப் போய்க் கெஞ்சியவள் யார்?

யாரோ பின்னால் “நாரே” என்கிறீர்கள். சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா! சொல்லமாட்டீர்கள். பேராசிரியர் திரும்பிப் பார்த்துவிட்டார், பாருங்கள், வாய் அடைத்துவிட்டது. அதே நோய்தான் அன்றைக்கும்.

பேராசிரியர் நம் படகில் ஒரு தடவை கால் வைத்தார். படகு கரையை விட்டு நகரவில்லை, அதற்குள் காலையில் தின்றதெல்லாம் வெளியே வந்துவிட்டது. காங்ஜின்காரிதான் வாளி பிடித்தாள். சிரிக்காதீர்கள். கடல் ஒத்துக்கொள்ளாதது குற்றமில்லை. கடலில் போனவளின் பேரை எடுத்துக்கொண்டதுதான் குற்றம்.

அமெரிக்காவில் முனைவர் படிப்புக்கு நாரே விண்ணப்பித்தாள். நேர்காணல் என்று தகவல் வந்தது. கிம் அறுவடைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள், இங்கிருந்தே பேசிக்கொள்கிறேன் என்றாள். உடனே அவள் அப்பா என்ன செய்தான்? “நம்ம பொண்ணோட ஆசிரியரைக் கூப்பிடாம எப்படி? அவரு பக்கத்துல உக்காந்தாத்தான் அழகு” என்று பேராசிரியரை வரவழைத்தான். இரண்டு பேர் வந்தால் பெருமை என்று ஊர்த்தலைவரையும் கூட்டி வந்தான். காங்ஜின்காரியை யாரும் கூப்பிடவில்லை. அவளே வந்தாள்.

பேராசிரியருக்குப் புதுத் திண்டு. கடல் நத்தைக் கஞ்சி, அதுவும் பெரிய நத்தையாகப் பொறுக்கிப் போட்டது. கணினியை உயரத்தில் வைக்கக் கிம்ச்சி டப்பாவைக் கவிழ்த்தோம். நாரே மேலே கறுப்புக் கோட்டு, கீழே என்னுடைய பூப்போட்ட கால்சட்டை.

“அடியே, எழுந்து நின்னுடாதே! அமெரிக்காக்காரன் பயந்துடுவான்” என்றாள் காங்ஜின்காரி.

“அத்தை, சும்மா இருங்க, சிரிப்பு வந்துரும்” என்று சொல்லும்போதே சிரித்துவிட்டாள் குழந்தை. அவள் அப்படிச் சிரித்ததை அன்றைக்குத்தான் கடைசியாகப் பார்த்தேன்.

ஆங்கிலத்தில் பேசினார்கள். எனக்குப் புரியவில்லை. ஆனால் என் பேத்தி பேசப் பேச முகம் விளக்கேற்றியது போல ஆனது, அது புரிந்தது. பிறகு திரையில் ஒரு பெண்மணி வந்தார், நம் நாட்டில் பிறந்து அங்கே வாத்தியாராக இருப்பவர். நம் பாஷையிலேயே கேட்டார்.

“பதறாம சொல்லும்மா. ஓடைத் தண்ணிக்கும் நோய்க்கும் தொடர்புன்னு எழுதியிருக்கியே, அது உன்னோட யோசனையா, உங்க பேராசிரியரோட யோசனையா?”

அந்தக் கேள்வி எல்லோர் காதிலும் விழுந்தது. ஊர்த்தலைவரே, உங்கள் காதில் விழுந்ததா இல்லையா? தலையாட்டுகிறார், விழுந்தது. பேராசிரியர் கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஆசிரியர் பக்கத்தில் இருக்க ‘நான்’ என்று சொல்ல நம் பிள்ளைகளுக்கு நாம் பழக்கினோமா? பள்ளிக்கூடத்தில் பழக்கினார்களா? வீட்டில் பழக்கினோமா? குனி, கும்பிடு, பின்னால் நில். அதைத்தானே பழக்கினோம்?

குழந்தை தலை குனிந்தாள். “எல்லாம் எங்க ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது. அவரு சொன்னதை நான் செஞ்சேன், அவ்வளவுதான்.”

நம் ஊரில் இது அடக்கம். அங்கே அது வாக்குமூலம்.

பேராசிரியர் அவர்களே! அந்த நேரத்தில் ஒரு வார்த்தை, ‘இல்லை, அவளுடையதுதான்’ என்று ஒரே ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து விழுந்திருந்தால் கஞ்சி ஆறிப்போயிருக்குமா? நீங்கள் நத்தையை மென்றுகொண்டே மெல்லத் தலையாட்டினீர்கள்.

பதில் வந்தது. இவளுடைய சொந்த ஆய்வு என்று எதையும் எங்களால் காண முடியவில்லை என்று வந்தது. அடுத்த பருவத்தில் பேராசிரியர் பேரில் ஆய்வு வெளியானது. இன்றைக்குக் கேடயமும் வந்துவிட்டது.

நாரே எங்கே என்று கேட்கிறீர்களா தாய்மார்களே? வெளியூரில் இல்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், இந்த விருந்துக்கு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருக்கிறாள். தான் கண்டுபிடித்ததற்கு இன்னொருவருக்கு நடக்கும் விருந்துக்கு! புத்தகமெல்லாம் வலைக் கொட்டகையில் மூட்டையாகக் கிடக்கிறது. சாப்பாட்டில் கிம் வைத்தால் ஒதுக்கிவைக்கிறாள்.

இந்தக் குளிரில் மறுபடியும் விண்ணப்பிக்கலாமே என்று கேட்டேன். என்ன சொன்னாள் தெரியுமா?

“எதைக் காட்டி விண்ணப்பிக்க, பாட்டி? அது என்னுது இல்லைன்னு நானே சொல்லிட்டேனே.”

அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். முள்ளங்கி விலை சொல்வது போலச் சொன்னாள்.

பேராசிரியர் அவர்களே, இப்போது கேட்கிறேன். மைக் உங்கள் முன்னாலும் இருக்கிறது. அவளுடையதுதான் என்று சொல்கிறீர்களா? சமையல்கட்டில் கத்திச் சத்தம் நின்றுவிட்டது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

...

தண்ணீர் குடிக்கிறார். குடியுங்கள்.

மீண்டும் நறுக்கத் தொடங்கிவிட்டாள். கேட்கிறதா உங்களுக்கு?

குவாங்-தே, என் மைக்கைத் தொடாதே. உட்கார். “அம்மா, மானம் போவுது, கீழ எறங்கு” என்று என் காதுக்குள் சொல்கிறான் சபையோரே! போகட்டும். என்னிடம் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் இதுவரை வெளியே விடாதது.

அந்தப் பதிலை அந்தப் பெண்மணி நம்பவில்லை. பேராசிரியர் சிகரெட் பிடிக்க முற்றத்துக்கு எழுந்து போனார். கதவு சாத்திக்கொண்டது. அப்போது திரையில் அந்தப் பெண்மணி மறுபடியும் கேட்டார், “நிஜமாவா? நீ சொன்ன விவரமெல்லாம் கடல்ல நின்னு பார்த்தவ சொல்ற மாதிரி இருக்கே, அதான் கேக்கறேன்.” தெய்வம் இரண்டாம் முறை கதவைத் தட்டியது! நாரே நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் வாயைத் திறந்தாள். “உண்மையில அது நான்தான்” என்று தொடங்கினாள்.

‘உண்மையில அது’ என்பது மட்டும்தான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஒரு கை வந்து கணினியை மூடியது. “போதும். ஆசிரியர் காதுல விழுந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு?” இணைப்பு அறுந்துவிட்டது என்று அங்கே நினைத்துக்கொண்டார்கள். மூடிய கணினியின் மேல் அந்தக் கை வெகுநேரம் இருந்தது. ஓக்-ரான் அழுதாள். ஊர்த்தலைவர் செருப்பைத் தேடினார். காங்ஜின்காரி, ஊரெல்லாம் பேசுகிற காங்ஜின்காரி, கஞ்சிக் கிண்ணங்களை அடுக்கத் தொடங்கினாள். பேராசிரியர் தன் வாயை மூடிக்கொண்டார். அவர் அந்நியர். அவரை என் சாவுக்கு முன் ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன்.

பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும், கேடயத்தைக் கவிழ்த்து வைத்துவிட்ட ஊர்த்தலைவருக்கும் நன்றி சொல்கிறேன். பன்றிக்கறி ஆறுவதற்குள் சாப்பிட்டுப் போங்கள், முள்ளங்கி என் பேத்தி நறுக்கியது. வணக்கம்.

அந்தக் கை யாருடையது என்று கேட்காமல் போகிறீர்களே! நான் தூக்கிச் சுமந்த கை, நான் சோறு ஊட்டிய கை. உயிர் போகும்போது என் வாயில் தண்ணீர் விட அந்தக் கை வரக்கூடாது.

மா குவாங்-தே.