ஈரத்துணி என் பொறுப்பு

ஒட்டுப்பலகை வாங்கும்போது மேற்பரப்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது சார், ஓரத்தைத்தான் பார்க்கவேண்டும். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை இருந்தால் அந்தப் பலகை படகுக்கு ஆகாது. தண்ணீர் குடித்து உப்பிவிடும். இதெல்லாம் என் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் லிஃப்ட் மெக்கானிக். நான் ஒரு துணிக்கடையின் பின்னறையில் ஆல்ட்ரேஷன் பார்க்கிற தையல்காரி. அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

படகைப் பற்றிக் கேட்டீர்கள். கை நீளம்தான் இருக்கும். ரிமோட்டில் ஓடுவது, பந்தயத்துக்கு விடுவது. சாப்பாட்டு மேஜைமேல் வைத்துத்தான் கட்டினோம். விலா எலும்பு மாதிரி சின்னச் சின்னச் சட்டங்களை வரிசையாகக் கவிழ்த்து நிறுத்தி, அவற்றின்மேல் மெல்லிய பலகையை வளைத்து ஒட்டவேண்டும். அவன் வளைத்தபோதெல்லாம் பலகை பிளந்துபோனது. பிறகு நான் சட்டைக்குக் கை வெட்டுகிற மாதிரி காகிதத்தில் அளவு வெட்டிக் கொடுத்தேன். அதை வைத்துப் பலகையை அறுத்து, வெந்நீரில் நனைத்து, எபாக்ஸி பசை தடவி, துணி காயப்போடுகிற கிளிப்புகளால் கவ்விப் பிடித்தோம். கச்சிதமாக உட்கார்ந்தது.

"உன் கை இல்லன்னா இந்தப் படகே இல்லக்கா" என்பான். அதைக் கேட்டாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும். மாதக்கணக்கில் சமையலறைத் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். சோற்றில்கூடப் பசை வாசனை அடித்தது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

எஞ்சினுக்கு ஊற்றுவது பெட்ரோல் இல்லை. மெத்தனாலும் நைட்ரோவும் எண்ணெயும் கலந்த ஒன்று. அதை முதல் தடவை வாங்கிவந்த அன்றே அவன் என்னை உட்காரவைத்துச் சொன்னான். "இது பத்திக்கிட்டா நெருப்பு கண்ணுக்கே தெரியாதுக்கா. அதுவும் நல்ல வெயில்ல சுத்தமா தெரியாது. பாக்கிறவங்களுக்கு நான் சும்மா குதிக்கிற மாதிரிதான் இருக்கும். நான் துணின்னு கத்தினா நீ யோசிக்காம போத்திடு."

அன்றிலிருந்து ஈரத்துணி என் பொறுப்பு. ஏரிக்கரையில் மற்றவர்களின் வீட்டுப் பெண்கள் குடை பிடித்து நிற்பார்கள். நான் வாளியும் கையுமாக நிற்பேன். பெருமையாகத்தான் இருந்தது.

அவன் கட்டிக்கொள்ள இருந்த அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல் ஆஸ்பத்திரியில் வேலை. நான் பல்லுக்காரி என்பேன், அவனும் சிரிப்பான். குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தால் பாத்திரம்கூடக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். என் கரண்டிகள் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் அவன் படகின் அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னான். "அக்கா, அவளுக்கு வேற ஊர்ல வேலை கெடச்சிருக்கு. நானும் அங்கயே மாத்தல் கேட்டிருக்கேன். கல்யாணம் முடிஞ்சதும் கெளம்பிடுவோம்."

"அப்புறம் எப்ப வருவ?"

"லீவு கெடச்சா வரேன். உனக்கும் நிம்மதிதான. இனிமே மேஜைல உக்காந்து சாப்பிடலாம்."

வேடிக்கையாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். மறுநாள் படகின் பக்கவாட்டில் ஒட்டுவதற்கு அவள் பெயரைச் சிவப்பு ஸ்டிக்கர் தாளில் வெட்டித் தரச் சொன்னான். கோணல்மாணல் இல்லாமல் வெட்டிக் கொடுத்தேன். என் வேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். எரிபொருள் ஊற்றியது நான். அது அவன் சட்டைக் கையில் சிந்தியது. "தொடச்சிட்டியாக்கா?" என்று கேட்டான். தொடச்சாச்சு என்றேன். அவன் குனிந்து எஞ்சினின் கயிற்றை இழுத்தான். அது இருமியது, மறுபடி இழுத்தான், பட்டென்று அவன் கைப்பக்கமாக வெடித்தது. அவன் தன் கையையே பார்த்தான். முதலில் அவன் முகத்தில் வலி இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. பிறகு கத்தினான். "துணி! அக்கா, துணி!"

குதித்தான், தோளில் அடித்துக்கொண்டான், சுற்றினான். பக்கத்து மேஜையில் தன் படகை வைத்திருந்த கண்ணாடிக் கடைக்காரர், "என்னம்மா, தம்பிக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க, என்னைப் பயமுறுத்துறான். எப்பவும் இப்படித்தான் கூத்தடிப்பான்" என்றேன்.

அவரும் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டிய வீடியோ அதுதான். அதில் நெருப்பு தெரியாது, நான் சிரிப்பது தெரியும். நான் ஏன் சிரித்தேன் என்று கேட்கிறீர்கள். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் நான் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும்?

ஒன்று சொல்லவேண்டும். ஏரி அவனுக்குப் பின்னால்தான் இருந்தது. திரும்பி ஓடியிருந்தால் தண்ணீரில் விழுந்திருக்கலாம். அவன் அப்படி ஓடவில்லை. என்னிடம்தான் ஓடிவந்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு குளிர்ந்துவிடும்.

நான் பின்னால் நகர்ந்தேன். ஆமாம், அதுவும் வீடியோவில் இருக்கிறது. துணி என் கையில்தான் இருந்தது, அதிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டை கருகிப் புகை கிளம்பியபோதுதான் கண்ணாடிக் கடைக்காரர் அலறினார். அதற்குப் பிறகு போர்த்தினேன். போர்த்தியது நான்தான், அதையும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

கண் தப்பித்தது. அதில் எனக்கு உண்மையாகவே நிம்மதி. இனி விரல்கள் விரியாது என்று டாக்டர் சொன்னார். கையெழுத்துக்கூட அவனால் போடமுடியாதாம். அப்படியிருக்க, புகார் கொடுத்தது அவன்தான் என்கிறீர்கள். அவன் வாயால் சொல்லச் சொல்ல எழுதியது பல்லுக்காரியாக இருக்கும். அவன் அப்படிச் சொல்கிறவன் இல்லை.

சிந்தியது தற்செயல் என்று நேற்று சொல்லியிருந்தேன். அதை அடித்துவிடுங்கள். அவன் அலமாரியிலிருந்து எடுத்துவந்து இதோ மேஜைமேல் வைத்திருக்கிறீர்களே, இந்தச் சட்டைகளைப் பாருங்கள். எல்லாம் அவனுடையவைதான். பொத்தான்களை எடுத்துவிட்டு, முன்பக்கத்தை மூடித் தைத்து, முதுகில் நாடா வைத்திருக்கிறேன். அவனாகப் போட்டுக்கொள்ளவும் முடியாது, கழற்றவும் முடியாது. இன்னொருவர் கை வேண்டும். ஆறாத தோலில் உரசக் கூடாது என்று தையலை வெளிப்பக்கமாக எடுத்திருக்கிறேன். இதெல்லாம் அவசரத்தில் செய்கிற வேலை இல்லை சார். ஸ்டிக்கர் வெட்டிக் கொடுத்த கையோடு தைக்க உட்கார்ந்தேன். ஏரிக்குக் கிளம்பின அன்று எல்லாச் சட்டையையும் தேய்த்து மடித்து அடுக்கிவைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டினேன்.

அவனைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்டீர்கள். சாகப்போகிறவனுக்கு யாராவது இத்தனை சட்டை தைப்பார்களா?

என்னை வார்டுக்குள் விடவேண்டாம் என்று அவனே நர்சிடம் சொன்னானாம். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வெட்கம்தான், முகம் அப்படி ஆகிவிட்டதல்லவா. நீங்கள் அந்தப் பக்கம் போனால், சின்ன வயதிலிருந்து குளிப்பாட்டி வளர்த்தவளிடம் என்ன வெட்கம் என்று கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.