வியாழக்கிழமை, காலை பதினொன்று நாற்பது

நீதித்துறை நடுவர் அவர்களுக்கு,

மனு எழுதும்போது தாளின் இடது பக்கம் இரண்டு விரல் அகலம் இடம் விட வேண்டும். அதிகாரி குறிப்பு எழுதுவதற்கான இடம் அது. முப்பத்தோரு வருடமாக நான் அதில் தவறியதில்லை. இந்தத் தாளிலும் விட்டிருக்கிறேன். தங்களுக்கு வசதியாக இருக்கும்.

என் பெயர் காயாரோகணம். வயது ஐம்பத்தேழு. தனிக்கட்டை. பாமணி ஆற்றுப் பாலத்தை ஒட்டிய கடைத்தெருவில் மனு எழுதுகிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் தூர்வாரக் கோரிக்கை எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆறு வருடமாகக் கணினியும் உண்டு. அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமானால் முன்கூட்டி ஆன்லைனில் பதிய வேண்டும் என்று ஆனபோது, பழையதாக வாங்கியது.

பதிவுக்குச் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், ஓடிபி வருகிற செல்போன் எல்லாம் வேண்டும். அறுவடை நேரத்தில் சர்வர் எப்போது உயிர் பெறும் என்று யாருக்கும் தெரியாது. களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது என் பெஞ்சில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்கள்? போனைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பூட்டு எண்ணையும் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு நோட்டில் பெயர் வாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். பீரோ சாவியைக் கூடப்பிறந்தவனிடம் கொடுக்காதவர்கள்கூட போனை என்னிடம் கொடுக்க யோசித்ததில்லை.

காகிதங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் வைத்திருப்பார்கள். அச்செடுக்க அவர்களுடைய வாட்ஸ்அப்பை என் கணினியோடு இணைப்பேன். வேலை முடிந்ததும் துண்டித்துவிடுவேன். எல்லோருக்கும் அப்படித்தான் செய்தேன், ஒருவரைத் தவிர.

ஈஸ்வரியின் கணவர் மதிவாணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில், வேலை செய்த இடத்திலேயே நெஞ்சுவலி வந்து இறந்தார். உடலைக் கொண்டுவர மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதியது நான்தான். பன்னிரண்டாம் நாள் திருச்சி விமான நிலையத்துக்கு உடல் வந்தது. மகள் ஜீவிதா தஞ்சாவூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். ஒன்பது மா நிலத்தை ஈஸ்வரி தனியாகப் பார்த்துக்கொண்டார்.

மாசி மாதம் சம்பா நெல்லைப் பதிய வந்தார்.

"அண்ணே, விஏஓ ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணும். போனு இங்கயே இருக்கட்டும். நம்பரு ஜீவிதா பொறந்த வருசம்."

"எந்த வருசம்மா?"

"ரெண்டாயிரத்து ஆறு. அவளுக்குப் பேரு வச்ச விழாவுக்கு ஊருக்கே நோட்டீஸ் அடிச்சப்ப நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க, மறந்துட்டீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இணைத்தேன். அடங்கலை அச்செடுத்தேன். துண்டிக்கப் போகும்போது, திரையில் முதலில் இருந்த பெயரைப் பார்த்தேன். 'அவுங்க' என்று இருந்தது. கணவர் பெயரைச் சொல்லாத பெண்கள் போனிலும் அப்படித்தான் பதிந்துகொள்வார்கள். அன்று காலை ஆறு மணிக்கு ஒரு குரல் பதிவு போயிருந்தது. பக்கத்தில் ஒற்றை டிக். போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதற்கு மேலும் ஒற்றை டிக். விரலால் தள்ளத் தள்ள ஐப்பசிவரைக்கும் ஒற்றை டிக்குகள்.

அழுத்தினேன்.

"என்னங்க, வடக்கு வயலு அறுப்பு முடிஞ்சிருச்சு. மெஷினு சேத்துல மாட்டிக்கிட்டு ஒரே கூத்து. உங்க அண்ணன் கத்துன கத்துல நாரையெல்லாம் பறந்து கோடியக்கரைக்கே போயிருக்கும். நீங்க இருந்திருந்தா சிரிச்சிருப்பீங்க."

நான் சிரித்தேன். இணைப்பைத் துண்டிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதம், கடையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு உட்காருவேன். ஒவ்வொரு பதிவும் "என்னங்க" என்றுதான் தொடங்கும். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லாவற்றையும் தேதி போட்டுக் கணினியில் சேமித்தேன். எனக்கு எதையும் ஒழுங்காக வைக்கத்தான் தெரியும்.

கெட்டதாக ஒன்றும் செய்யவில்லை. கூட்டுறவு சொசைட்டியில் யூரியா இல்லை என்று ஒருநாள் பதிவில் கணவரிடம் சொன்னார். செயலாளரிடம் பேசினேன், மறுநாள் இரண்டு மூட்டை ஈஸ்வரி பெயரில் எடுத்து வைத்திருந்தார்கள். மோட்டார் எரிந்துபோனது என்றார். மெக்கானிக்கை அந்தப் பக்கம் போகச் சொன்னேன். ஜீவிதாவுக்கு உதவித்தொகை நின்றதைச் சொல்லி அழுதார். விண்ணப்பத்தில் இருந்த தவறை நானே திருத்தி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேட்டைக் கொடுவா மீன் வாங்கி வருவீர்களே என்று ஒருநாள் சொன்னார். மீன்காரரிடம் சொல்லி வாசலில் வைக்கச் செய்தேன். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன். மாதம் போகப் போக அவர் குரல் தெளிந்தது. அதற்கு நான்தான் காரணம் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

ஆவணியில் அவருடைய போன் களத்தில் விழுந்து கண்ணாடி உடைந்தது. என் கடைக்கு அடுத்த கடை முபாரக்குடையது. செல்போன் பழுது பார்ப்பவர், முப்பது வயதுகூட இல்லை. தினமும் பத்து மணிக்கு ஒரு டீயை இரண்டாக்கிக் குடிப்போம். "அண்ணே, உங்க கம்ப்யூட்டரு எங்க வாப்பாவைவிட மூத்தது. சலாம் வச்சுட்டுத்தான் தொடணும்" என்று கேலி செய்வார். ஒரு திங்கட்கிழமை அவர்தான் ஈஸ்வரியின் போனுக்குக் கண்ணாடி மாற்றினார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை விடுதியிலிருந்து வந்த ஜீவிதா, அம்மாவின் போனைச் சும்மா பார்த்திருக்கிறாள். இணைக்கப்பட்ட கருவி: ஒரு கணினி. கடைசியாகப் பயன்பட்டது: நேற்று, காலை 11.40. அதைப் படம் பிடித்துக்கொண்டு உடனே துண்டித்திருக்கிறாள்.

புகார் எழுத என்னிடம்தான் வந்தார்கள். ஜீவிதாவும், மதிவாணனின் அண்ணன் ரெங்கசாமியும், ஈஸ்வரியும்.

"அம்மா பேசுனதையெல்லாம் எவனோ கேட்டுருக்கான் பெரியப்பா" என்றாள் ஜீவிதா.

"எவனோ என்ன, எவனோ. போனைப் பிரிச்சவன்தான். பக்கத்துலயே உக்காந்திருக்கானே. எழுதுங்க காயாரோகணம்."

ஈஸ்வரி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். முந்தானையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, எல்லாத்தையும் கேட்டுருப்பானா?"

"இருக்காதும்மா" என்றேன்.

எழுதினேன். 'இந்நபர்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதும். 'வேற்று மதத்தைச் சேர்ந்த இந்நபர், நமது பெண்களைத் திட்டமிட்டுக் குறிவைத்து' என்று எழுதினேன். அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எந்தச் சொல்லுக்கு எந்த அதிகாரி எழுந்து உட்காருவார் என்பது என் தொழிலில் எனக்குத் தெரிந்த விஷயம். ஒட்டுக்கேட்டதற்கான பிரிவோடு இன்னும் இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. அவை பிணை எளிதில் கிடைக்காத பிரிவுகள். சட்டப் புத்தகத்தில் மதத்துக்கு ஒரு தண்டனை இல்லை. எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்பது புத்தகத்துக்கு வெளியே முடிவாகிறது.

முபாரக் நாற்பத்தோரு நாள் சிறையில் இருந்தார். கட்டிட உரிமையாளர் கடைக்கு வேறு பூட்டுப் போட்டார். பத்தாம் நாள் முபாரக்கின் மனைவி ஃபஹ்மிதா என்னிடம் வந்தார்.

"அண்ணே, உங்களை மாதிரி யாரு எழுதுவா? அவரை வெளியில கொண்டாற ஒரு மனு எழுதிக் குடுங்க. அந்த வாரம் எங்க நாத்தனா ஷிஃபாவுக்கு முத்துப்பேட்டையில நிக்காஹ். புதன்கிழமையே கடையைச் சாத்திட்டுக் குடும்பத்தோட போயிட்டோம். வியாழக்கிழமை பகல்ல அவரு பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்துல நின்னாரு அண்ணே. ஊரே பார்த்துச்சு."

நான்கு பக்கம் எழுதினேன். நான் எழுதிய மனுக்களிலேயே சிறந்தது அது என்று சொல்லலாம். அவருடைய நேர்மை, வயதான தாய், தொழில் எல்லாவற்றையும் எழுதினேன். வியாழக்கிழமையை மட்டும் எழுதவில்லை. மனு நீண்டுவிடும் என்று நினைத்தேன். சட்ட உதவியில் வந்த வக்கீல் என் மனுவைத்தான் படித்தார். பிற்பாடு ஃபஹ்மிதா சாட்சிக் கூண்டில் நிக்காஹைப் பற்றிச் சொன்னபோது, முதலிலேயே ஏன் சொல்லவில்லை, சொந்தக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று அரசுத் தரப்பில் கேட்டார்கள். தாங்களும் அதைக் குறித்துக்கொண்டீர்கள். நான் பின்வரிசையில் இருந்தேன்.

பிணையில் வந்த மறுநாள் முபாரக் என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஊருல எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் எனக்காக எழுதுனீங்க. அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான்."

இப்போது முத்துப்பேட்டையில் மீன் வண்டிகளுக்கு ஐஸ் உடைக்கிறார். கடுகளவு திருகைக் கழற்றிய விரல்கள். தேநீர்க் கோப்பையை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். ஒரு டீயை அன்றைக்கும் இரண்டாக்கிக் குடித்தோம்.

அதற்கு அடுத்த வாரம் ஈஸ்வரி வந்தார். வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் இருக்கும் போனைத் திரும்பக் கேட்டு மனு எழுதச் சொன்னார். "அவுங்க உசுரோட இருந்தப்ப பேசுனது அதுலதான் இருக்கு அண்ணே. வேற எங்கயும் இல்ல" என்றார். வேறு போனிலிருந்து பேசுவதில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவரே சொன்னார்: "எவனோ கேட்டுட்டான்னு தெரிஞ்சதுலேருந்து, மனசுக்குள்ளகூட அவுங்ககிட்ட பேச முடியல. பேச ஆரம்பிச்சா, பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி இருக்கு."

அன்று மாலையே காவல் நிலையத்துக்குப் போனேன். ஆய்வாளர் செந்தில்குமாரிடம், நான்தான் செய்தேன் என்று சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அண்ணே, உங்களுக்கு எளகின மனசு. அந்தப் பய பொண்டாட்டி வந்து அழுதுச்சா?"

"இல்லைங்க. நான்தான் கேட்டேன். ஆறு மாசம்."

"ஆதாரம்?"

அவர் மேசையில் கலைந்து கிடந்த தாள்களை அடுக்கி வைத்தேன்.

"பாத்தீங்களா. சரி, பேச்சுக்கு வச்சுக்குவோம். உங்க மேல போட்டா ஒரே பிரிவு. ஸ்டேஷன்லயே ஜாமீனு. டீயைக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருவீங்க."

"முபாரக்குக்கு மட்டும் ஏன் மூணு?"

"அது வேற கேஸு அண்ணே."

"ஒரே காரியம்தானேங்க?"

"காரியம் ஒண்ணுதான். ஆளு வேற." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அடுத்தவனுக்காகப் பழியை ஏத்துக்குறீங்க. உங்களை மாதிரி ஆளு இந்தக் காலத்துல ஏது?"

ஊரில் இது பரவிவிட்டது. ரெங்கசாமி எதிரில் வந்தபோது சைக்கிளிலிருந்து இறங்கிக் கும்பிட்டார். நான் உண்மையைச் சொன்னபிறகு எனக்கு மரியாதை கூடிவிட்டது. முபாரக் உண்மையைச் சொல்லிச் சொல்லியும் அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த மாதம் தீர்ப்பு. என் கோரிக்கை எளிமையானது. அவருக்கு என்னென்ன பிரிவுகள் போட்டார்களோ, அவை எனக்கும் வேண்டும். நாற்பத்தோரு நாள் எனக்கும் வேண்டும். அதில் ஒரு நாளும் குறைய வேண்டாம். முபாரக்கை விடுவித்து, போனை ஈஸ்வரியிடம் சேர்ப்பிக்க உத்தரவிட வேண்டும்.

ஆதாரம் பற்றித் தாங்களும் கேட்பீர்கள். புகார் எழுதிய அன்றே கணினியில் இருந்த பதிவுகளை அழித்துவிட்டேன். ஒரு பெண் தன் புருஷனிடம் பேசியது நாலு பேர் கைக்குப் போகக் கூடாது என்ற எண்ணத்தில் செய்தேன். ஒன்றை மட்டும் அழிக்கவில்லை. அந்த வியாழக்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்குச் சேமித்தது. தேதி, மணி, என் கணினியின் பெயர் எல்லாம் அதில் பதிந்திருக்கின்றன. வக்கீல் ஒருவரிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்று இருந்தால் அந்தப் பையன் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுவான் என்றார்.

அதில் ஈஸ்வரி சொல்வது இவ்வளவுதான்:

"என்னங்க, கொடுவா மீனு வந்துச்சு. நான் எதைச் சொன்னாலும் மறுநாளே நடந்துருது. நீங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க, எனக்குத் தெரியும். இனிமே நான் அழ மாட்டேன்."

மற்றவையெல்லாம் இறந்தவருக்குப் பேசியவை. மீன் அனுப்பியது நான். கேட்டுக்கொண்டிருந்ததும் நான். ஆகையால் இந்த ஒன்று எனக்கு வந்தது. ஒருவருக்கு என்று வந்ததை அடுத்தவர் கேட்பது முறையல்ல என்பதைத் தாங்கள் அறியாதவரல்ல. எனவே அதை இத்துடன் இணைக்கவில்லை.

இப்படிக்கு,
கா. காயாரோகணம்