தரை காய்ந்துதான் இருந்தது

எனக்குச் சட்டென்று கோபம் வராது, ஐயா. பணிமனையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இருபத்திரண்டு வருடமாகத் தீயணைப்பு வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஸ்பேனரைக்கூட வீசியெறிந்ததில்லை. 'தரை காஞ்சுதானே கிடக்கு' என்று யாராவது சொன்னால் மட்டும் எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

அந்த வண்டி, எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட்டைக் குடித்துக்கொண்டிருந்தது. எங்கள் நிலையத்துக்கு இருப்பதே அந்த ஒரு வண்டிதான். சாலையில் ஓடும்போது ஒன்றும் ஆகாது. தீப்பிடித்த இடத்தில் நிறுத்தி, அதே எஞ்சினால் தண்ணீர்ப் பம்பை அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால், ரேடியேட்டரில் இரண்டு லிட்டர் குறைந்திருக்கும். அங்கே தரை முழுக்க ஹோஸ் தண்ணீர்; எது எங்கிருந்து ஒழுகியது என்று யார் கண்டது? திரும்பி வந்து நிறுத்தினால் ஒரு சொட்டு விழாது.

நானும் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். ரேடியேட்டர் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த வாயில் பிரஷர் பம்பை மாட்டி, பதினைந்து பவுண்டு ஏற்றி, ஒரு மணி நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முள் இம்மியும் இறங்காது. கிளிப் ஒவ்வொன்றாகத் தடவினேன். வாட்டர் பம்பை மாற்றினேன். ஒன்பது முறை சோதித்தேன். வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளே ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். எஞ்சினின் மேல்பாகம் இருக்கிறதே, ஹெட், அதில் மயிரிழை விரிசல். சூடானால் திறக்கும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். ஹெட்டைக் கழற்றாமல் அதைக் காட்ட முடியாது.

நிலைய அதிகாரியிடம் நான்கு தடவை எழுதிக் கொடுத்தேன். அவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார். ஆயிலில் தண்ணீர் இல்லை, வெள்ளைப் புகை இல்லை, தரையும் காய்ந்து கிடக்கிறது, இருக்கிற ஒரு வண்டியைப் பத்து நாள் பிரித்துப் போடச் சொல்கிறீர்களா என்பார். என் தங்கை புருஷனுக்கும் அங்கேதான் வேலை. ஹோஸைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போகிறவன். 'லீக்கு வண்டியில இல்ல, மச்சான் மண்டையிலதான்' என்று எல்லார் முன்னாலும் சொல்வான். சிரிப்பார்கள். நல்ல பிள்ளைதான். தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை.

ஆற அமர யோசித்தபோது ஒன்று புரிந்தது. அவர்கள் நம்பாததற்குக் காரணமே நான்தான். வண்டி வந்து நின்றதும் ஓடிப்போய் நிரப்பிவிடுகிறேன். அப்புறம் யார் நம்புவார்கள்? அதனால் ஊற்றுவதை நிறுத்தினேன். காலைப் படிவத்தில் கூலன்ட் 'சரி' என்று எழுதினேன். இல்லையென்றால் வேறு யாராவது ஊற்றித் தொலைப்பார்கள். அளவு குறைந்தால் கத்துகிற அலாரம் ஒன்று உண்டு. அதன் ஒயர் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். அது கத்தினால் எஞ்சினை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும். எஞ்சின் காய்ந்து, இறுகி நின்றால்தான் ஹெட்டைக் கழற்றுவார்கள். எனக்கு வேறு வழி வைத்தார்களா, நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் நின்றுவிடும் என்று நினைத்தேன். ஒத்திகையை ரத்து செய்தது நானல்ல.

செவ்வாய் மதியம் மணி அடித்தது. மெத்தைக் கிடங்கு, மூன்று மாடி. தங்கை புருஷன் கோட்டை மாட்டிக்கொண்டே ஓடிவந்து, படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினான்.

"மச்சான், தண்ணியெல்லாம் பாத்தாச்சுல்ல?"

"பாத்தாச்சு. ஏறு."

நான் பொய் சொல்லவில்லை. காலையிலேயே பார்த்திருந்தேன். எட்டு லிட்டர் குறைவு.

நிலையத்தில் ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கூலன்ட் வற்றிவிட்டால் சூடு காட்டுகிற முள்ளும் சரியாகக் காட்டாது. ஓட்டுநரைக் குறை சொல்லாதீர்கள். பம்பைப் போட்ட பத்தொன்பதாவது நிமிடம் எஞ்சின் நின்றது. இரண்டாவது மாடியிலிருந்து தங்கை புருஷன் குரல் வந்தது, தண்ணி வரல, தண்ணி வரல என்று. மூன்றாவது தடவை பாதியில் நின்றுவிட்டது. கூடப் போனவன் தவழ்ந்து வெளியே வந்தான். இவன் வரவில்லை. உங்களிடம் மறைப்பானேன், எஞ்சின் நின்றது என்று கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதிதான். இனிமேல் ஹெட்டைக் கழற்றித்தானே ஆகவேண்டும்.

கழற்றினார்கள். உங்கள் நிபுணர் வந்து பார்த்தார். எஞ்சின் இறுகியதே தவிர, ஹெட்டில் விரிசல் இல்லையாம். கேஸ்கட்டும் பழுதில்லையாம். பிறகு ரேடியேட்டர் மூடியைத் தனியாகச் சோதித்திருக்கிறார். பதினைந்து பவுண்டு தாங்க வேண்டிய ஸ்பிரிங் ஐந்திலேயே திறந்துகொள்கிறதாம். சூடேறும்போது கூலன்ட் அந்த வழியாகக் கொதித்து, ஓவர்ஃப்ளோ குழாயில் இறங்கி, ஹோஸ் தண்ணீரோடு போயிருக்கிறது. மூடியை ஏன் சோதிக்கவில்லை என்று கேட்டார். என் பம்பை மாட்ட வேண்டுமென்றால் மூடியைக் கழற்றித்தானே ஆகவேண்டும். ஒன்பது முறையும் அது என் சட்டைப் பையில் இருந்தது.

தங்கை வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். இப்போது உள்ளே விட வேண்டாம். நிபுணரின் அறிக்கையை அவளும் படித்திருப்பாள். என்னை என்ன மெக்கானிக் என்று நினைப்பாள்?

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஊற்றாமல் விட்டவன் நான், ஒயரை முறுக்கியவன் நான், ஏறு என்று சொன்னவனும் நான். ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் நிபுணர் அந்த ஹெட்டை ஆறின பிறகுதான் பார்த்திருக்கிறார். ஒரு தடவை சூடாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.